கடைசிச் சொட்டு என்றைக்கு?

டூமிங் குப்பம், சாந்தோம்
31.1.2025

மலைமேல கீற என் தங்கச்சி ஜாஸ்மினுக்கு, கடலோரத்துலேர்ந்து அக்கா தேசம்மா எழுதிக்கிறது. நான், உங்க மாமா, பொண்ணு அஸ்வினி மூணு பேரும் சேசு புண்ணியத்துல சொகமாக்கீறோம். அங்க உன் ஒடம்பு எப்டி கீது? ஏற்காட்டுக் குளிர்ல உன் மூச்சிரைப்பு திரும்பி வராம கீதா?

இந்தக் கையெழுத்தைப் பாத்தியா? கோணல் மாணலா கீதே, இது என் கை. ரெண்டு வருஷமா உனக்கு வந்த லெட்டர் பூரா நான் சொல்லச் சொல்ல அஸ்வினி எழுதுனது. உன் லெட்டரையும் அவதான் படிச்சிக் காட்டுவா. கண்ணுல புரை விழுந்துடுச்சின்னு சொன்னா நீ பயந்துப்பியேன்னு மறைச்சிட்டேன்.

பொங்கல் முடிஞ்சி இருவதாம் தேதி மயிலாப்பூர்ல வலது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிட்டாங்க. மறுநாள் கட்டுப் பிரிச்சி, "என்ன தெரியுதும்மா?"ன்னு டாக்டர் வேம்பு கேட்டாங்க. "உங்க பொடவைல சின்னச் சின்ன யானை போட்டுக்கீது டாக்டர்"ன்னேன். அவங்க குனிஞ்சி அவங்க பொடவையையே ஒருவாட்டி பாத்துக்கினாங்க.

வீட்டுக்கு வந்தா உங்க மாமா வேட்டி பளிச்சின்னு வெள்ளையா கீது. இத்தினி நாளா டீ ஊத்தினாப்பல தெரிஞ்சிதுன்னு சோப்பு மேல சோப்பா போட்டுத் தோய்ச்சேனே, எல்லாம் வீண். "அது எப்பவும் வெள்ளதான் தேசம்மா, உன்கிட்ட யாரு வாயைக் குடுக்குறதுன்னு சும்மா இருந்தேன்"ங்குறாரு.

சொட்டு மருந்து ஒண்ணு குடுத்துக்கீறாங்க. கிருமிக்கும் வீக்கத்துக்கும் சேத்து ஒரே பாட்டில்ல வருது. மொத வாரம் ஆறு வேளை, அப்பறம் வாரத்துக்கு ஒரு வேளை கொறச்சிக்கினே வந்து, ஆறாவது வாரம் ஒரே வேளை. அஸ்வினி அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் மேல ஒட்டிக்கீறா. இப்ப அஞ்சு வேளை நடக்குது. இடது கண்ணு அப்பாலிக்கா.

இன்னொரு சேதி. அஸ்வினிக்கு மாப்ள பாத்தாச்சி. பேரு கிஷோர், பெசன்ட் நகர் ஓடைக்குப்பம். பறக்கும் ரயில்ல சிக்னல் வேலை. வர்ற மாசம் 23 நிச்சயம். ஜெபத்துல நெனச்சிக்கோ.

உன் முகத்தை எழுத்துல பாக்குற
தேசம்மா

*

ஏற்காடு
6.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் அருளால் நலம். மூச்சிரைப்பு இல்லை. நீயும் மாமாவும் அஸ்வினியும் நலமாயிருக்க தினமும் மன்றாடுகிறேன். கிஷோரையும் இன்றிலிருந்து சேர்த்துக்கொண்டேன்.

உறையைப் பார்த்ததுமே உன் கை என்று தெரிந்துவிட்டது. அஸ்வினி 'ழ'வை உருண்டையாகப் போடுவாள், நீ தூண்டில் முள் மாதிரிப் போடுவாய். ரெண்டு வருடமாக முள்ளைக் காணோமே என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மடத்துக்கு வருவதற்கு முன்னால் ஏழு வருடம் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மீன் வெட்டிய கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருந்து விடு. பாட்டிலைக் குலுக்கச் சொல்லியிருந்தால் குலுக்கு. அதன் நுனி கண்ணிலும் இமையிலும் படக்கூடாது. ஒரு சொட்டு போதும். விட்டபின் கண்ணை மூடி, மூக்குப் பக்கத்து ஓரத்தை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திக்கொள். திறந்து ஒரு மாதமான பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடு. யார் கண் சிவந்தாலும் அவர்களுக்கு உன் மருந்தைக் கொடுக்காதே.

முக்கியமானது ஒன்று. வீக்கத்துக்கான அந்த மருந்து ஸ்டீராய்டு. டாக்டர் சொன்னதற்கு முன்னால் நிறுத்துவதும் தப்பு, சொன்ன நாளுக்கு மேல் ஒரு சொட்டு விடுவதும் தப்பு. கடைசிச் சொட்டு என்றைக்கு என்று எனக்கு எழுது.

எங்களுக்கு போன் கிடையாது, மாதத்துக்கு ஒரு கடிதம்தான் என்று உனக்கே தெரியும். உன் பதிலுக்குக் காத்திருப்பேன்.

தங்கை ஜாஸ்மின்

*

டூமிங் குப்பம்
25.2.2025

மலைமேல கீற ஜாஸ்மினுக்கு அக்கா எழுதறது. எல்லாரும் சொகம். உன் லெட்டரை நானே படிச்சேன். ஒரு எழுத்து விடாம படிச்சேன். மார்க்கெட்டுல பக்கத்துக் கடை பேச்சியம்மாளுக்கும் உரக்கப் படிச்சிக் காட்டுனேன். அவ ஐஸ் பொட்டி மேல குந்திகினு, "உன் தங்கச்சி டாக்டருக்குப் படிச்சிருக்கணும்டி"ங்குறா.

நிச்சயம் ஜோரா நடந்துச்சி. கிஷோர் கூச்சப்படுற புள்ள. சாப்புடச் சொன்னா தட்டப் பாக்குறான், அஸ்வினியப் பாருன்னா அப்பவும் தட்டத்தான் பாக்குறான். அவங்க அம்மா சொர்ணம் நல்ல மனுஷி. வஞ்சிரம் வறுவல் கேட்டு மூணுவாட்டி வாங்கிக்கினாங்க.

நிச்சயத்துக்கு ரெண்டு நாள் முந்தி ஐஸும் மீன் தண்ணியும் பட்டு கண்ணு ஓரமா செவந்து போச்சி. போட்டோவுல எப்டி நிக்கிறதுன்னு ஒரே வெசனம். ஆனா அன்னிக்குக் காலைல பாத்தா வெள்ள வெளேர்னு ஆயிடுச்சி. போட்டோக்காரரு, "பொண்ணுக்கு அக்காவா நீங்க?"ன்னாரு. உங்க மாமாவுக்கு அன்னிக்கு முழுக்கச் சிரிப்பு.

கல்யாணம் ஈஸ்டர் கழிச்சி மே 15. தடைக்காலம், போட்டு எல்லாம் கரையில நிக்கும், சொந்தம் பூரா வரும். நீ மட்டுந்தான் மடத்து வாசலைத் தாண்டி வர முடியாது. அத்த விடு.

உன் லெட்டரைத் தலைகாணிக்கு அடில வெச்சிக்கிற
தேசம்மா

*

ஏற்காடு
3.3.2025

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். நிச்சயச் செய்தி கேட்டு மனம் நிறைந்துவிட்டது. மடத்து மதரிடம் கேட்டு, இந்த மாதக் கடிதத்தை அவசரமாக இன்றே எழுதுகிறேன். நாளை மறுநாள் விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அதன்பின் ஈஸ்டர் வரை நாங்கள் கடிதம் எழுதக்கூடாது. வருகிற கடிதங்களையும் மதர் தன் மேசை அறையில் வைத்திருந்து ஈஸ்டர் அன்றுதான் தருவார்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கணக்குப்படி உன் ஆறு வாரம் நேற்றோடு முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா? ரெண்டு நாளில் சிவப்பு எப்படிப் போனது? ஆறு வாரப் பரிசோதனைக்குப் போனாயா?

ஒரு வரியில் சொல்லிவிட்டிருந்தால் நிம்மதியாகத் தவக்காலத்தைத் தொடங்கியிருப்பேன்.

ஜாஸ்மின்

*

டூமிங் குப்பம்
21.3.2025

ஜாஸ்மினுக்கு, நீ இப்ப படிக்க மாட்டேன்னு தெரிஞ்சும் அக்கா எழுதறது. எல்லாரும் சொகம். நீ கஞ்சி மட்டும் குடிச்சி ஒடம்பைக் கெடுத்துக்காத.

நேத்து அஸ்வினி வேளச்சேரி ஆபீஸுக்கு லீவு போட்டா. தி.நகருக்குப் போயி கல்யாணப் பொடவை எடுத்தோம். ரங்கநாதன் தெருவுல ஜனத்தோட ஜனமா நவுந்துகினே போனோம். முந்தி நான் அவ கையப் புடிச்சிக்கினு போவேன், தெருவுல கூட்டம்னு சாக்கு சொல்லி. இந்தவாட்டி நான் முன்னால போறேன், அவ பின்னால வர்றா. கடைக்காரரு அரக்குன்னு ஒரு பொடவை எடுத்துப் போட்டாரு. "இது அரக்கு இல்லப்பா, மாதுளம் பழத் தோலு கலரு, ஓரத்துல கொஞ்சம் கருநீலம் ஓடுது"ன்னேன். அவரு வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "ஆமாங்கம்மா"ன்னாரு. நீல நெறத்தை நான் பாத்து எத்தினி நாளாச்சி.

திரும்பி வர்றப்ப மெடிக்கல் ஷாப்புல மூணாவது பாட்டிலு வாங்கிகினு வந்தேன், அதுக்குள்ள மழை தூறல் போட்டுச்சி. மாசிக் கருவாடு காயப்போட்டது நனையுமேன்னு ஓடியாந்தோம்.

டாக்டரம்மாகிட்ட ஒரு நடை போவணும். பத்திரிகை அடிக்கிற வேலை முடியட்டும்.

தேசம்மா

*

டூமிங் குப்பம்
10.4.2025

ஜாஸ்மினுக்கு அக்கா எழுதறது. உங்க மாமாவுக்கு லேசா இருமல், மத்தபடி சொகம்.

பத்திரிகை வந்துடுச்சி. கோயில்ல ஞாயித்துக்கெழம பூசைல ரெண்டு பேர் பேரையும் சொல்லி ஓலை வாசிக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு பத்திரிகை உனக்கு வெச்சிக்கீறேன், மேல மாதா படம் போட்டது.

நாலஞ்சு நாளா ஒரு வேடிக்கை கீது. சாயங்காலம் தெரு லைட்டு போட்டதும், ஒவ்வொரு லைட்டைச் சுத்தியும் கலர் கலரா வளையம் தெரியுது. வானவில்லைச் சுருட்டி வெச்சாப்பல. லூப் ரோடு பூரா மாதா தலைக்குப் பின்னால கீற ஒளி மாதிரி வரிசையா நிக்குது. கல்யாண வீட்டுக்குச் சாமியே தோரணம் கட்டுதுன்னு நெனச்சிக்கினேன். புருவத்துக்கு மேல மட்டும் கொஞ்சம் வலிக்குது. வேலை அலுப்புதான், தைலம் தேய்ச்சாப் போயிடும்.

ஈஸ்டருக்கு நீ மூணு லெட்டரும் சேத்துப் படிப்பேன்னு சொன்னா, அஸ்வினி, "ரெண்டுதானேம்மா எழுதுன"ங்குறா. மூணாவதும் எழுதணும். நேரம் கெடைக்கல.

தேசம்மா

*

ஏற்காடு
21.4.2025

அக்கா,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உன்னோடு. நேற்று போனில் உன்னிடம் அப்படிக் கத்தினதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன்.

பூசை முடிந்து காலை உணவின்போது மதர் கடிதங்களைக் கொடுத்தார். மூணாவது பாட்டில் என்ற இடத்தில் எனக்கு ரொட்டி இறங்கவில்லை. வளையம், புருவ வலி என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். சாப்பாட்டு அறையில் நாங்கள் பேசக்கூடாது. நான் எல்லார் முன்னாலும், "மதர், என் அக்காவுக்குக் கண் போகப் போகிறது, எனக்கு போன் வேண்டும்" என்றேன். கரண்டிச் சத்தம்கூட நின்றுபோயிற்று. மதர் அலுவலக அறைச் சாவியை இடுப்பிலிருந்து கழற்றிக் கையில் கொடுத்தார்.

ஸ்டீராய்டு மருந்தை நாள் கடந்து விட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். முதலில் வலி தெரியாது, பார்வையும் குறையாது. கண் வெள்ளையாக, அழகாகவே இருக்கும். உள்ளே நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். செத்த நரம்பு திரும்ப வராது. அதனால்தான் கத்தினேன்.

பதினாலு வருடத்தில் இப்போதுதான் போனில் உன் குரலைக் கேட்டேன். அதை அனுபவிக்கக்கூட முடியாமல் திட்டி வைத்துவிட்டேன். டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. உன் கடிதம் வந்ததும் தந்துவிடுவதாக மதர் சொல்லியிருக்கிறார்.

ஜாஸ்மின்

*

டூமிங் குப்பம்
23.4.2025

என் தங்கச்சி ஜாஸ்மினுக்கு, கண்ணு போகாத அக்கா தேசம்மா எழுதறது. பயப்படாத. மொதல்ல அத்தச் சொல்லிட்டேன்.

நேத்தே எழுதியிருப்பேன், கை வரல. நீ போன் பண்ணப்ப நான் பிரியாணிக்கு தம் போட்டுகினு இருந்தேன். புது நம்பரு. யாரோ மீன் ஆர்டருன்னு நெனச்சி, "இன்னிக்கு சங்கரா இல்லீங்க, தடைக்காலம்"னு சொன்னேன். அந்தப் பக்கம், "அக்கா"ன்னு ஒரு கொரலு. அடுப்பை அணைச்சிட்டுத் தரையில குந்திட்டேன். நீ திட்டுனது ஒண்ணுமே காதுல ஏறல, ஜாஸ்மின். கொரலு அப்டியே கீதே, மாறவே இல்லியேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். அப்பறம் அஸ்வினி போனைப் புடுங்கி, "சொல்லுங்க சித்தி"ன்னு கேட்டா. கேக்கக் கேக்க அவ மொகம் மாறிச்சி.

அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரி. ஞாயித்துக்கெழம, டூட்டி டாக்டரு அழுத்தம் பாத்தாரு. முப்பத்தாறு. இருவத்தொண்ணுக்குள்ள இருக்கணுமாம். உடனே டாக்டர் வேம்புவைக் கூப்ட்டாரு. அவங்களும் பண்டிகைச் சாப்பாட்டை விட்டுட்டு வந்தாங்க. கண்ணுக்குள்ள லைட்டு அடிச்சி நரம்பைப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. உங்க மாமா கதவு ஓரமா நின்னு ஜெபமாலை உருட்டுறாரு.

"நரம்பு நல்லா இருக்கும்மா. இன்னும் ரெண்டு மூணு மாசம் விட்டிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது"ன்னாங்க. அந்த மருந்தை நிறுத்திட்டாங்க. அழுத்தம் எறங்க வேற மருந்து. "யாருங்க இதைக் கண்டுபுடிச்சது?"ன்னு கேட்டாங்க. "ஏற்காட்டு மடத்துல கீற என் தங்கச்சி, லெட்டரைப் படிச்சே கண்டுபுடிச்சிட்டா"ன்னேன். அவங்க பேனாவைக் கீழ வெச்சிட்டாங்க.

ஏன் விட்டேன்னு நீ கேப்ப. உங்கிட்ட மறைச்சி மறைச்சித்தான் இந்த வெனை. சொல்லிடறேன்.

நிச்சயத்துக்கு முந்தி கண்ணு செவந்தப்ப, ரெண்டு வேளையை நாலாக்குனேன். ஒரே நாள்ல வெளுத்துடுச்சி. காலி பாட்டிலைக் காட்டுனா கடைல சீட்டு கேக்காமயே குடுத்தாங்க. அப்பறம் நிறுத்துற நாள் வந்துச்சி. எனக்குப் பயம். மருந்து விடுறதாலதான் பார்வை கீதுன்னு நெனச்சேன். நிறுத்துனா பழையபடி மங்கிடும், உன் லெட்டரைத் திரும்ப அஸ்வினி படிக்கணும். அவளும் கல்யாணமாயி ஓடைக்குப்பம் போயிடுவா. யாரு படிச்சிக் காட்டுறது? உங்க மாமா எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள அடுத்த லெட்டர் வந்துடும். பேச போன் இல்ல, நெனச்சப்ப வந்து பாக்க வழி இல்ல. உன் எழுத்து ஒண்ணுதான எனக்கு நீ?

இன்னொண்ணும் கீது. ரெண்டு வருஷம் முந்தி உன்னப் பாக்க வந்தேனே, பேசுற அறைல கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரு குந்திகினு இருந்தீங்க. எனக்கு ரெண்டும் வெள்ளையா, மங்கலா. எது நீன்னு தெரியல. "நல்லாக்கீற ஜாஸ்மின்"னு சும்மா சொன்னேன். திரும்பி பஸ்ல சேலம் வரைக்கும் அழுதுகினே வந்தேன்.

மன்னிச்சிடு.
தேசம்மா

*

ஏற்காடு
28.4.2025

என் அன்பு அக்காவுக்கு,

நலமாயிருக்கிறேன். இன்றைக்குத்தான் எனக்கு உண்மையான ஈஸ்டர். உன் கடிதத்தை மதரிடமும் படித்துக் காட்டினேன். சங்கரா இல்லீங்க என்ற இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மே மாதக் கடிதத்தை இன்றே எழுத அனுமதியும் தந்தார்.

உனக்குப் பார்வை தந்தது மருந்து இல்லை அக்கா. உள்ளே வைத்த லென்ஸ். அது எங்கேயும் போகாது. சொட்டு மருந்து புண் ஆறுகிற வரைக்கும் காவலுக்கு வந்தது, வேலை முடிந்ததும் அனுப்பிவிட வேண்டும். இதை நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கைகழுவு, குலுக்கு என்று பட்டியல் போட்டேனே தவிர, நீ எதற்குப் பயப்படுவாய் என்று யோசிக்கவில்லை.

நீ சொன்னதற்குப் பதிலாக நானும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு நீ என் பக்கத்தில் இருந்த சிஸ்டர் கிளாராவைப் பார்த்தே பேசினாய். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வேலையை விட்டு மடத்துக்கு வந்த கோபம் உனக்கு இன்னும் ஆறவில்லை, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன். ரெண்டு வருடமாக எத்தனை கடிதத்தில் எதை எதையோ கேட்டேன், இதைக் கேட்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோயிலில் போய் உட்கார்ந்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

கல்யாண நாளன்று இங்கே பூசையை அஸ்வினி, கிஷோர் பேரில் ஒப்புக்கொடுக்கிறோம். அதற்குள் அழுத்தம் பார்க்கும் நாள் எது வந்தாலும், பந்தக்கால் நடுகிற நேரமாக இருந்தாலும் போய்விடு.

ஜாஸ்மின்

*

டூமிங் குப்பம்
19.5.2025

தங்கச்சி ஜாஸ்மினுக்கு அக்காவும் மாமாவும் புது மாப்ள பொண்ணும் எழுதிக்கிறது. எல்லாரும் ரொம்ப சொகம்.

மொதல்ல கண்ணு. போன மாசம் 29ஆம் தேதி அழுத்தம் இருவத்தி நாலு. இந்த மாசம் 12ஆம் தேதி பதினேழு. பந்தல்காரரு வந்து நின்னாரு, "குந்துப்பா, கண்ணுக்குப் போயிட்டு வர்றேன்"னு சொல்லிட்டுத்தான் போனேன். அழுத்த மருந்தையும் கொறைக்கிறாங்க. நானா ஒண்ணும் கொறைக்கல, கூட்டல. டாக்டரம்மா கைல ஒரு அட்டை குடுத்துக்கீறாங்க, எனக்கு ஸ்டீராய்டு ஒத்துக்காதுன்னு. இனிமே எந்தக் கண் டாக்டர்கிட்ட போனாலும் காட்டணுமாம். இடது கண்ணு ஆகஸ்ட்டுல. அதுக்கு அழுத்தம் அதிகமா ஏத்தாத மருந்தாப் பாத்துக் குடுத்து, வாரா வாரம் பாத்துக்குறேன்னு சொல்லிக்கீறாங்க.

கல்யாணத்தைச் சொல்றேன். அஸ்வினி மாதுளங் கலர் பொடவைல கோயில் நடுவுல நடந்து வந்தா. நான் முன் வரிசை. அவ கழுத்துல வேர்வை நிக்கிறது, காதுல ஜிமிக்கி ஆடுறது, கிஷோர் மோதிரத்தை மெதுவா அவ வெரல்ல ஏத்துறது, எல்லாத்தையும் பாத்தேன். வாக்கு குடுக்கறப்ப அவன் தட்டைப் பாக்கல, அவளைப் பாத்தான். மொகத்துல ஒண்ணையும் விடல நான். சாப்பாட்டுக்கு அப்பறம் உங்க மாமா மேளத்துக்கு ஆடுனாரு. அத்தப் பாக்காமலே இருந்திருக்கலாம்.

பேச்சியம்மாளுக்குக் கண்ணு செவந்து, "உன் மருந்து ஒரு சொட்டு குடுடி"ன்னு வந்தா. கையப் புடிச்சி ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போயிட்டேன். 'மெட்ராஸ் ஐ'ன்னு சொன்னாங்க. நல்ல வேளை குடுக்கல.

ஜூன் ஏழாம் தேதி நாங்க நாலு பேரும் அங்க வர்றோம். மதர்கிட்ட சொல்லி வை. மடத்துல கறி கெடையாது, மீன் உண்டுன்னு நீதான சொன்ன. மாமா கருவாடு கட்டிகினு வர்றாராம். வேணாம்னாலும் கேக்க மாட்டேங்குறாரு.

தேசம்மா

*

ஏற்காடு
12.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். மலை வளைவில் கிஷோருக்குத் தலைசுற்றல் வராமல் இருந்ததா? இங்கே எல்லாரும் நலம். மடம் முழுக்கக் கருவாட்டு வாசனை. சிஸ்டர் கிளாரா கேரளாக்காரர், ரெண்டு நாளாக அவர்தான் சமையல் அறையை விட்டு வெளியே வருவதில்லை. மாமாவிடம் சொல்லிவிடு.

அஸ்வினி எவ்வளவு வளர்ந்துவிட்டாள். கிஷோர் என்னிடம் பேசினது மொத்தம் ரெண்டு தடவை, ரெண்டு தடவையும் "சரிங்க சித்தி". நல்ல பிள்ளை.

நீ வந்ததைப் பற்றி எழுதத்தான் மூன்று நாளாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். மற்றவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு நீ நாற்காலியைக் கம்பிக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாய். நான் உன் கண்ணைப் பற்றிக் கேட்டேன், மருந்தைப் பற்றிக் கேட்டேன். நீ நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாய். கொஞ்ச நேரத்தில் நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன். உனக்குக் கண்ணோரம் சுருக்கம் விழுந்திருக்கிறது அக்கா. சிரிக்காதபோதும் சிரிக்கிற மாதிரி இருக்கிறது.

மணி அடித்து, நீங்கள் கிளம்பிப் போன பிறகு மதர் கேட்டார்: "முக்கால் மணி நேரம் உன் அக்கா என்ன பேசினார்?"

"ஒன்றும் பேசவில்லை மதர். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்" என்றேன்.

ஆண்டவர் உங்கள் எல்லாரையும் காப்பாராக.

உன் தங்கை
ஜாஸ்மின்